முதலில் தரையைத் தட்டிப் பாருங்கள்

வாசகர் கேள்வி: என் அப்பாவின் 1984 மாடல் பிரீமியர் பத்மினி, தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர் வீட்டில், மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில் 13 வருஷமாக நிற்கிறது. அப்பா 1991-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 2012-ல் அவர் தவறிய பிறகு யாரும் எடுக்கவில்லை. ஆர்.சி. புக் 2014-ல் முடிந்துவிட்டது. இன்ஜின் சுற்றவே இல்லை, ஜாம் ஆகிவிட்டது என்கிறார் உள்ளூர் மெக்கானிக். இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில், எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாக்கித் தர நாலரை லட்சம் கேட்கிறார்கள். பழைய இரும்புக்கடைக்காரர் 22 ஆயிரம் தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாம் என்கிறார் அண்ணன். எனக்கு மனசு வரவில்லை. என்னால் போட முடிந்தது ஒன்றரை லட்சம். கண்காட்சிக்கெல்லாம் கொண்டுபோக ஆசை இல்லை. அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்துக் கோயிலுக்குப் போய்வர வேண்டும், அவ்வளவுதான். முடியுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

அன்புள்ள சகோதரிக்கு,

முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நாலரை லட்சம் கேட்டவர் சொல்லும் வழியில் முடியாது. அவர் கேட்ட தொகை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஒரு காரை மொத்தமாகக் கழற்றி, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, திரும்ப மாட்டினால் அவ்வளவு ஆகத்தான் செய்யும். உங்களுக்கு அந்த வேலை தேவையே இல்லை என்பதுதான் விஷயம்.

பத்மினி போன்ற ஃபியட் வண்டிகளோடு 36 வருஷமாக வேலை பார்க்கிறேன். பாதியில் நின்றுபோன பத்மினிகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லாமே முழுசாகக் கழற்றப்பட்டவை. கழற்றியவர் வேறு ஊருக்குப் போயிருப்பார், போல்ட்டும் நட்டும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும், கதவுக் கண்ணாடி சாக்குக்கு அடியில் உடைந்திருக்கும். அதற்குள் கையிருப்பும் தீர்ந்திருக்கும். அப்படி வெறும் கூடாக நிற்கிற வண்டிக்கு இரும்புக்கடையில்கூட நல்ல விலை கிடைக்காது. அதனால் யார் சொன்னாலும் வண்டியை மொத்தமாகக் கழற்ற விடாதீர்கள். ஒரு வேலையை எடுத்தால் முடித்து மாட்டிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். முதலில் ஓட வேண்டும், நிற்க வேண்டும், சட்டப்படி ரோட்டுக்கு வர வேண்டும். அழகு அப்புறம் வரட்டும்.

ஸ்பானரை எடுக்கும் முன் கையில் எடுக்க வேண்டியது ஆர்.சி. புக். வண்டி அப்பா பெயரில் இருக்கிறது. வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31 கொடுக்க வேண்டும். அதோடு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் அண்ணனும் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தருவது, எல்லாம் சேர வேண்டும். அண்ணனிடம் இப்போதே பேசிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வண்டி பளபளவென்று ஆன பிறகு பேசினால் பேச்சு வேறு மாதிரி போன குடும்பங்களும் உண்டு.

பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கட்டணத்தை ஏற்றியது. 20 வருஷத்துக்கு மேலான காருக்கு இப்போது 10,000 ரூபாய். ஒருமுறை புதுப்பித்தால் 5 வருஷத்துக்குச் செல்லும். பசுமை வரி தனி. இதைவிடப் பெரிய விஷயம் தாமதக் கட்டணம். காலம் தாழ்த்திப் புதுப்பிக்கும் காருக்கு மாதத்துக்கு 500 ரூபாய் வீதம் என்று மத்திய மோட்டார் வாகன விதியில் இருக்கிறது. உங்கள் வண்டிக்கு 2014-லிருந்து கணக்குப் போட்டால் தொகை 60 ஆயிரத்தைத் தாண்டிவிடும். எந்தத் தேதியிலிருந்து கணக்கு, மொத்தம் எவ்வளவு என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் மனு கொடுத்து எழுத்திலேயே வாங்குங்கள். புரோக்கர் வாய்வார்த்தையை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். இது 1989-க்கு முந்தைய பழைய நம்பர் வண்டி. விவரம் கம்ப்யூட்டரில் ஏறாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படியானால் பழைய பதிவேட்டைப் பார்த்து ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகின்றனவா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். முன்பு எப்போதோ யாராவது இன்ஜினை மாற்றியிருந்தால் அங்கேதான் சிக்கும்.

யாராவது ‘வின்டேஜ் பதிவு பண்ணித் தருகிறேன்’ என்று வந்தால் அனுப்பிவிடுங்கள். அது முதல் பதிவிலிருந்து 50 வருஷம் ஆன வண்டிகளுக்கு. உங்களுடையதற்கு 2034 ஆகும். கட்டணமும் 20,000. அந்தப் பதிவு வாங்கினால் கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, ரிப்பேர் என்பதற்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப்போக முடியாது.

சரி, இப்போது வண்டிக்கு வருவோம். எல்லாரும் நேராக பானெட்டைத் திறப்பார்கள். நீங்கள் கீழே பாருங்கள்.

பத்மினிக்கு அம்பாசடர் மாதிரியேதான், தனியாக சேஸிஸ் கிடையாது. பாடியே சேஸிஸ். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதி, தரைத் தகடு, பின்னால் பட்டை ஸ்பிரிங் பாடியில் மாட்டும் இடம், இவைதான் வண்டியின் எலும்பு. மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் மண் தரையில் 13 வருஷம் என்றீர்கள். எனக்குக் கவலை இன்ஜினைப் பற்றி இல்லை, இதைப் பற்றித்தான். தரைவிரிப்பைத் தூக்கிவிட்டு, ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் அரை அடிக்கு ஒரு இடமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். துருத்தின்ற தகடு செத்த சத்தம் கொடுக்கும், அந்த இடத்தை முனையால் அழுத்தினால் உள்ளே போகும். ஜாக்கி வைக்கும் இடம், பேட்டரித் தட்டு, முன் கண்ணாடிக்குக் கீழ், டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் என்று எல்லாம் பாருங்கள். கதவைத் திறந்து லேசாகத் தூக்கிப் பாருங்கள். கீலோடு தூணும் சேர்ந்து ஆடினால் வேலை பெரிது.

தரைத் தகட்டில் அங்கங்கே ஓட்டை என்றால் பயப்பட வேண்டாம். டிங்கரிங் கடையில் அழுகியதை வெட்டி எறிந்து புதுத் தகடு வெல்டிங் வைக்கலாம். கதவுக்குக் கீழ்ப் பகுதி இரண்டு பக்கமும் போய், ஸ்பிரிங் மாட்டும் இடமும் போயிருந்தால், அன்றைக்கே கணக்கை நிறுத்திவிடுங்கள். அந்த வண்டி ஒன்றரை லட்சத்தில் வராது. அதே 1980-களின் பத்மினி, ஆர்.சி. உயிரோடு, பாடி நல்லபடியாக எங்காவது கிடைக்கிறதா என்று தேடுவது நல்லது. அப்பாவின் ஸ்டீயரிங்கும் சீட்டும் அதில் மாட்டிக்கொள்ளலாம். இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் பணம் போட்ட பிறகு சொல்வதைவிட இப்போது சொல்வது மேல். கதவுக்கடியில் வெட்டும்போது கதவு இடைவெளியில் குறுக்காகக் கம்பி வெல்டிங் வைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் பாடி நடுவில் தொங்கிவிடும், அப்புறம் எந்தக் கதவும் பூட்டாது. இதை டிங்கரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ‘அதெல்லாம் வேண்டாம்மா, பட்டி வைத்துத் தேய்த்துவிடலாம்’ என்று சொன்னால் வேறு கடை பாருங்கள்.

அடுத்தது பிரேக். இன்ஜின் ஓடுவதற்கு முன்னால் பிரேக் முடிந்திருக்க வேண்டும். என் ஆரம்ப நாட்களில் நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். நெடுநாள் நின்ற ஒரு ஃபியட்டை ஸ்டார்ட் பண்ணிய சந்தோஷத்தில், பெடல் கொஞ்சம் பிடித்ததை நம்பி ஒரு சுற்று போனேன். மூன்றாவது முறை மிதித்தபோது பெடல் தரையைத் தொட்டது. பின் சக்கர சிலிண்டரில் காய்ந்துபோன வாஷர் கிழிந்து ஆயில் அவ்வளவும் வெளியே போயிருந்தது. முன்னால் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். வண்டியை ஓரத்து மணல்மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து, பிரேக் முடியாத வண்டியின் சாவியை நான் கையில் வாங்குவதில்லை.

பத்மினியில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், இவற்றைப் பரிசோதிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். இரும்புக் குழாயில் துரு இருந்தால் அதையும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், 13 வருஷத்தில் உள்ளே துரு பிடிக்காமல் இருக்காது. ஆயில் டாட் 3 போதும். அவசரத்துக்கு வேறு எந்த எண்ணெயையும் அதில் ஊற்ற விடாதீர்கள், வாஷர் ஊதிப்போகும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் ஏர் அடித்துத் தூசி கிளப்புவது பட்டறைகளில் பழக்கம். அதைத் தடுத்து, தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு) எவ்வளவு இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதுதான். ரப்பருக்கு வயசாகிவிட்டது.

இனி அந்த ‘ஜாம் ஆன’ இன்ஜின். ரொம்ப நாள் நிற்கும்போது, ஏதாவது ஒரு சிலிண்டரில் வால்வு திறந்தபடி நின்றிருக்கும். அதன் வழியாக ஈரம் இறங்கி, பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் லேசாகத் துருவால் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலான நேரம் ஜாம் என்பது அவ்வளவுதான். பாதி இன்ஜின்கள் சாவது அதற்கு அடுத்து நாம் செய்யும் காரியத்தில். டிராக்டரில் கயிறு கட்டி, கியரில் போட்டு இழுத்துப் பார்ப்பார்கள். ஒட்டிய ரிங் அங்கேயே முறியும், பிஸ்டனும் கீறும். அதைச் செய்ய விடவே கூடாது.

நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் இன்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து இரண்டு மேசைக்கரண்டி அளவு விடுங்கள். மூன்று நான்கு நாள் அப்படியே இருக்கட்டும், தினமும் கொஞ்சம் சேருங்கள். பிறகு பிளக் இல்லாமலேயே, முன்னால் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டு முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒரு நூல் அசைந்தால் போதும், அன்றைக்கு விட்டுவிடுங்கள். மறுநாள் இரண்டு நூல் அசையும். நான் ஒரு இன்ஜினுக்கு 11 நாள் காத்திருக்கிறேன். சுற்ற ஆரம்பித்ததும் மேல் மூடியைத் திறந்து, சுற்றும்போது எட்டு வால்வும் ஏறி இறங்குகின்றனவா பாருங்கள். ஒட்டிய வால்வோடு ஸ்டார்ட் செய்தால் புஷ் ராடு வளைந்துவிடும்.

அதற்கப்புறம் பழைய ஆயிலை இறக்கி, பில்டரும் மாற்றி, 20டபிள்யூ50 சாதாரண மினரல் ஆயில் ஊற்றுங்கள். விலை உயர்ந்த சிந்தெடிக் இதற்குத் தேவையில்லை. பிளக் போடாமல் செல்ஃப் அடித்து, ஆயில் விளக்கு அணையும்வரை சுற்றவிட வேண்டும். பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேர்ந்த பிறகுதான் பிளக், பெட்ரோல் எல்லாம். ஓடிய பிறகு கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துவிட்டு, ரிங் மாற்றுவதா, சிலிண்டரைக் கடைந்து போரிங் செய்வதா என்று முடிவெடுக்கலாம். கொஞ்சம் புகை வருகிறது என்பதற்காக உடனே இன்ஜினை இறக்க வேண்டாம். 200 கிலோமீட்டர் ஓடியதும் ரிங் தளர்ந்து தானாகவே புகை குறைந்த வண்டிகள் உண்டு. புகைச் சான்றிதழுக்கு இந்தக் கால வண்டியில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கார்ப்பரேட்டரைச் சரியாக வைத்தாலே பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும்.

டேங்கில் கிடக்கும் பெட்ரோல் இப்போது வார்னிஷ் மாதிரி ஆகியிருக்கும். டேங்கை இறக்கிக் கழுவுங்கள். காலி டேங்கில் வெல்டிங் வைக்க யாரையும் விடாதீர்கள், உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். முதல் ஸ்டார்ட்டுக்கு ஒரு சின்ன கேனிலிருந்து பம்புக்குக் குழாய் கொடுத்தால் போதும். பக்கத்தில் தீயணைப்பான் ஒன்று கட்டாயம் வேண்டும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பரைத் தின்றுவிடும். பம்பின் டயாபிரம், கார்ப்பரேட்டர் வாஷர்கள், ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்கும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். 100 ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் இது அல்ல, ஹோஸ் கசிவது சூடான இன்ஜின் மேல். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். அதனால் மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

சாய்ப்பில் எலிக்கு என்ன பஞ்சம்? வயரை நிச்சயம் கடித்திருக்கும். புதுப் பேட்டரியை நேரடியாக மாட்டிவிடாமல், பேட்டரி வயரோடு ஒரு இண்டிகேட்டர் பல்பைத் தொடராக இணையுங்கள். எல்லா சுவிட்சும் ஆஃபில் இருக்கும்போது பல்பு பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த பிறகு பேட்டரி மாட்டலாம். பழைய வயரிங்கை எரித்துக் காரையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். ரேடியேட்டரைக் கழுவி, ஹோஸ் மாற்றி, கூலன்ட் ஊற்றிவிடுங்கள். அதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

உதிரிப் பாகம் கிடைக்குமா என்ற பயம் வேண்டாம். கம்பெனி மூடிப்போனாலும் இந்த வண்டி மும்பையில் டாக்ஸியாக 2023 அக்டோபர் வரை ஓடியது. அத்தனை வருஷம் அத்தனை டாக்ஸிக்கும் பாகம் செய்துகொடுத்த கைகள் இன்னும் இருக்கின்றன. பிரேக் வாஷர், கிளட்ச் பிளேட், கேஸ்கெட் செட் போன்றவை சுலபம். சென்னை புதுப்பேட்டையில் ஒரு நாள் சுற்றினால் பழைய பாகம் பாதி கிடைத்துவிடும். மீதிக்கு மும்பை குர்லா பக்கம் கேட்டு கூரியரில் வரவழைக்கலாம். பழைய பாகத்தைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். ‘பத்மினிக்கு’ என்று வாயால் கேட்டால் ஏதோ ஒன்றைத் தந்துவிடுவார்கள். கிடைக்காமல் கஷ்டப்படுத்துவது பீடிங், கதவு கைப்பிடி, முன் கிரில், கண்ணாடி ரப்பர் போன்றவை. அதனால்தான் இப்போது வண்டியில் இருக்கும் ஒரு நிக்கல் பூச்சுத் துண்டைக்கூட யாரும் தூக்கிப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை லட்சத்தை நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். தரை வெல்டிங்குக்கு 35 ஆயிரம், பிரேக்கும் டயரும் சேர்த்து 35, இன்ஜின், பெட்ரோல் லைன், ரேடியேட்டர் மூன்றுக்கும் 35, வயரிங்கும் பேட்டரியும் 15, பதிவும் இன்சூரன்ஸும் 20, கையில் 10. தாமதக் கட்டணம் பெரிதாக வந்தால் வேலையை இரண்டு தவணையாகப் பிரியுங்கள். இந்த வருஷம் தரையும் பிரேக்கும், அடுத்த வருஷம் மீதி. 13 வருஷம் நின்ற வண்டி இன்னும் ஒரு வருஷம் நிற்கும், ஆனால் சிமென்ட் தரையில், நான்கு ஸ்டாண்டின் மேல் நிற்கட்டும். பெயின்ட்டுக்கு இதில் ஒரு ரூபாய்கூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வெல்டிங் வைத்த இடத்தில் மட்டும் துரு தடுப்பு பிரைமர் அடித்து, மேலே அப்பா ஓட்டிய நிறத்தையே கழுவித் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பது விளக்கு, ஹார்ன், பிரேக், ஸ்டீயரிங், நம்பர். மங்கிய பெயின்ட்டுக்காக யாரையும் திருப்பி அனுப்புவதில்லை.

பதிவும் இன்சூரன்ஸும் கைக்கு வரும்வரை, ‘சும்மா தெருமுனை வரை’ என்றுகூட எடுக்காதீர்கள். ஒர்க்‌ஷாப்புக்கு ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் போக வேண்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது, 5 வருஷம் தாண்டிய வண்டியின் மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். செலவு ரசீதுகளையும் படங்களையும் எடுத்து வையுங்கள், அப்போது பேச உதவும். முன் சீட் இரண்டுக்கும் பெல்ட் போடச் சொல்லுங்கள். அம்மா உட்காரப்போகும் இடம்.

ஒருவேளை அண்ணன் சொல்வதுபோல் கொடுக்கத்தான் வேண்டும் என்று ஆனாலும், இரும்புக்கடையில் கொடுக்காதீர்கள். அரசு அங்கீகாரம் பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கி, ஆர்.சி.யையும் ரத்து செய்துவிடுங்கள். அப்பா பெயரில் இருக்கும் நம்பர் வேறு யார் வண்டியிலும் ஓடக்கூடாது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, நான் சொன்ன மாதிரி தட்டிப் பார்த்துவிட்டு நான்கு படம் அனுப்புங்கள். டிரைவர் பக்கத் தரை, கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, பின் ஸ்பிரிங் மாட்டும் இடம். செத்த சத்தம் வந்த இடங்களில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டுவிட்டு எடுங்கள். அதைப் பார்த்ததும் வெல்டிங் எவ்வளவு வரும் என்று எழுதுகிறேன். அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.